தோற்றவனின் கடமை

கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தள ஹாக்கியை ஒட்டிப் பிறந்த பொழுதுபோக்கு ஒன்றுண்டு. நண்பர் பத்துப் பன்னிருவர் கூடி, தேசிய ஹாக்கி லீக்கின் உண்மையான ஆட்டக்காரர்களைப் பங்கிட்டு, ஆளுக்கொரு கற்பனை அணி அமைப்பர். அவ்வாட்டக்காரர் களத்தில் போடும் கோல்கள் இவர்களுக்குப் புள்ளிகளாகும். வாரந்தோறும் இருவர் இருவராய் மோதுவர்.

2024–25 பருவத்தில் 32 அணிகள் ஒவ்வொன்றும் 82 ஆட்டங்கள் ஆடின. பருவம் முடியுந் தறுவாயில் உபாயம் மாறும். அடுத்த சுற்று உறுதியான அணி தன் சிறந்த வீரர்க்கு ஓய்வளிக்கக்கூடும்; ஆகவே, அவ்வாரம் எவ்வணிக்கு நான்கு ஆட்டம், எதற்கு இரண்டு என்று எண்ணி, பேர்பெற்றவரை விடுத்துப் பேரில்லாதவரைச் சேர்ப்பதே கெட்டிக்காரத்தனம். இதில் குற்றமில்லை.

வெல்லும் வாய்ப்பை முற்றும் இழந்தவனிடமே வினா எழுகிறது. அவன் தன் அணியைக் கவனியாது விட்டால், அவ்வாரம் அவனை எதிர்ப்பவன் உழைப்பின்றி வெல்கிறான். முன்னர் அவனோடு போராடி வென்றவன் பின்தள்ளப்படுகிறான். “எனக்கினி என்ன ஆதாயம்?” என்பது விடையாகுமா? ஆகாது என்பேன். பிறர் வெற்றிக்கு உரைகல்லாய் நிற்பதற்கும் அன்றோ அவன் உடன்பட்டான்!

உண்மைக் களத்தில் தோல்வியே ஆதாயமானதுண்டு. 1983–84இல் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் 38 புள்ளிகளோடு கடைசியில் நின்றது. நியூ ஜெர்சி டெவில்ஸ் பெற்றது 41. கடைசி அணிக்கே புதிய வீரரை முதலில் தெரிவு செய்யும் உரிமை. மாரியோ லெமியூ பிட்ஸ்பர்க்குக்குக் கிடைத்தார். 1991, 1992 ஆண்டுகளில் ஸ்டான்லி கிண்ணமும் வந்தது. 1995 முதல் லீக் குலுக்கல் முறையைக் கைக்கொண்டது.

கற்பனை அணிக்காரனுக்கோ அந்த ஆசையும் பெரும்பாலும் இல்லை, சலிப்புத்தான். காயமுற்ற கோல்காவலரை நீக்கி இன்னொருவரைச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும்.