வெறியில் செய்த குற்றம் யாருடையது?

மது வெறியில் ஒருவன் இழைக்கும் குற்றத்துக்கு அவனே முழுப் பொறுப்பாளியா என்ற கேள்வி, கிழக்கிலங்கையிலுள்ள பாண்டிருப்பின் இந்துக்களுக்கும் அதை அடுத்த மருதமுனையின் முஸ்லிம்களுக்கும் கல்முனை நீதிமன்றத்தில் ஒரே சட்டத்தின்படியே தீர்க்கப்படுகிறது. எனினும் அவ்விரு சமூகத்தாரின் மரபுகளும் அதற்கு வைத்திருக்கும் விடைகள் அச்சட்டத்தைவிடப் பழையவை. ஓரிரு இடங்களில் அதைவிட நுட்பமானவையும்கூட.

1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக வந்த இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, தன் விருப்பத்துக்கு மாறாகப் போதையூட்டப்பட்டு, செய்வது இன்னதென்று உணர இயலாதிருந்தவனை 78ஆம் பிரிவினால் விடுவிக்கிறது. தானாகக் குடித்தவனுக்கோ, அவன் தெளிந்திருந்தால் எந்த அறிவு இருந்திருக்குமோ அந்த அறிவு இருந்ததாகவே 79ஆம் பிரிவு கொள்கிறது. இங்கு அறிவு என்பது செயலின் விளைவு இன்னதாகும் என்ற உணர்வையும், கருத்து என்பது அவ்விளைவையே நாடிச் செய்வதையும் குறிக்கும். இதே அமைப்புடைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 86ஆம் பிரிவை 1956இல் பாஸ்தேவ் வழக்கில் ஆராய்ந்த உச்ச நீதிமன்ற நீதியரசர் சந்திரசேகர ஐயர், குடித்தவன்மீது அறிவைச் சட்டமே ஏற்றிவைக்கிறதாயினும், கருத்தை வழக்கின் சூழ்நிலைகளிலிருந்தும் அவனுடைய போதையின் அளவிலிருந்துமே கண்டறிய வேண்டும் என்று பிரித்துக் காட்டினார். அவ்வழக்கின் எதிரி ஓய்வுபெற்ற படைவீரர். கல்யாண வீட்டில் மதிய உணவுக்கு அமரும்போது, சற்று நகர்ந்து இடம்விடாத சிறுவன் ஒருவனைக் கைத்துப்பாக்கியால் வயிற்றில் சுட்டுக் கொன்றவர். அவர் தள்ளாடியதும் இடையிடையே உளறியதும் உண்மையே. ஆயினும் தானே நடந்து வந்தார், தனக்கு வசதியான இடத்தைத் தேர்ந்தார், சுட்டபின் ஓட முயன்றார், பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். தேரவும் ஓடவும் முடிந்த மனத்துக்குக் கொல்லும் கருத்துக் கொள்ளவும் முடியும் என்று கண்ட நீதிமன்றம் கொலைக் குற்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. வெறியின் பயன், விசாரணை நீதிமன்றம் மரண தண்டனையைத் தவிர்த்து ஆயுள் தண்டனை அளித்ததோடு நின்றது.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீப்பள்ளயம் என்னும் தீமிதி விழா பாரதக் கதையை ஆண்டுதோறும் ஊரின் நடுவே நிறுத்துகிறது. அந்தப் பாரதமே இக்கேள்வியை இருமுறை எழுப்புகிறது. அசுரர்கள் கசனைக் கொன்று எரித்து, சாம்பலை மதுவில் கலந்து, அவனுடைய குருவாகிய சுக்கிராசாரியாருக்கே பருகக் கொடுக்கின்றனர். இன்றைய பிரிவுகளின்படி அவர் குற்றமற்றவர், ஏனெனில் மதுவில் என்ன இருந்தது என்பதை அவர் அறியார். ஆயினும் மது இருந்ததை அறிந்தே பருகினார் என்பதால், பழியை அசுரர்மேல் மட்டும் சுமத்தி அமையாது, இனிக் குடிக்கும் அந்தணன் கொலைப்பாவம் அடைவான் என்று தன் குலத்துக்கே தடை விதிக்கிறார். பொறுப்பு, விளைவு நேர்ந்த கணத்திலிருந்து கிண்ணத்தை எடுத்த கணத்துக்கு இங்கே நகர்த்தப்படுகிறது. மௌசல பருவத்தில் பிரபாசத் துறையில் குடித்த யாதவர் ஒருவரையொருவர் கொன்று மாண்டதோ வேறுவகை. கிருதவர்மன் உறங்கியோரைக் கொன்றதைச் சாத்தியகி இடித்துரைத்தபின்தான் வாள் உருவப்படுகிறது. அந்தப் பகையை மது உண்டாக்கவில்லை, பாரதப் போர் முடிந்த நாள் முதல் அடக்கிவைத்திருந்ததை அவிழ்த்துவிட்டது. (அவ்வழிவுக்குக் காந்தாரியின் சாபமும் காரணமாகச் சொல்லப்படுகிறது, சாபத்தை எந்தச் சட்டத்தரணியும் எதிர்வாதமாக வைக்க முடியாது.)

இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் ஆய்வு இன்னொரு பிரிவினையில் தொடங்குகிறது: வெறியில் கை செய்தது வேறு, வாய் சொன்னது வேறு. வெறியில் ஒருவரைக் கொன்றவனைப் பற்றி ஆளுநர் மர்வான் எழுதிக் கேட்க, அவனைக் கிஸாஸ், அதாவது கொலைக்கு ஈடான தண்டனை, கொண்டு கொல்லும்படி கலீபா முஆவியா பதில் எழுதியதை இமாம் மாலிக்கின் முவத்தா பதிவுசெய்கிறது. நான்கு மத்ஹபுகளிலும், அதாவது சட்ட வழிமுறைகளிலும், பெரும்பான்மைக் கருத்து இதுவே. வெறி மன்னிக்கப்படுமானால் கொல்ல நினைப்பவன் முதலில் குடித்துக்கொள்வான் என்பது அவர்கள் காட்டும் காரணம். மாறாக, விபசாரத்தை ஒப்புக்கொள்ள வந்த மாஇஸ் என்பவர் குடித்திருக்கிறாரா என்று நபிகளார் வினவியதும், ஒருவர் எழுந்து அவர் வாயை முகர்ந்து பார்த்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளன. குடித்தவன் வாயிலிருந்து வரும் ஒப்புதலைக் கொண்டு அவனைத் தண்டிக்கலாகாது என்ற கருத்துக்கு இது சான்றாக எடுத்தாளப்படுகிறது.

இப்பிரிவினை சரியானதே, ஆனால் தலாக் என்னும் மணமுறிவுச் சொல்லில் அது இடறுகிறது. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் மேலோங்கிய கருத்து, தானாகக் குடித்தவன் வெறியில் சொன்ன தலாக் செல்லும் என்பது. குடித்த பாவத்துக்கு அதுவும் ஒரு தண்டனை என்பது அதற்குக் கூறப்படும் நியாயங்களுள் ஒன்று. அந்தத் தண்டனையோ, குடிக்காத மனைவியின் தலையிலும் பிள்ளைகளின் தலையிலும் விழுகிறது. கொலையில் வெறியை ஏற்காமைக்குக் காரணம், ஒருவன் குடித்ததன் விலையை மற்றொருவர் உயிரால் கொடுக்கக் கூடாது என்பதானால், அதே காரணம் இங்கே எதிர்த்திசையில் அல்லவா செல்ல வேண்டும்? குடித்தவனின் தலாக் செல்லாது என்று மூன்றாம் கலீபா உஸ்மான் கூறியதாகப் புகாரி பதிந்திருப்பதும், இமாம் ஷாபிஈயின் மாணவரான முஸனீ அக்கருத்தின் பக்கம் நின்றதும், இந்த நியாயம் மரபுக்குள்ளேயே உணரப்பட்டது என்பதைக் காட்டுகின்றன.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இக்கேள்விக்கு நேரே விடை சொல்லாமல், தரப்பினரின் மத்ஹபுக்கே அதை விட்டுவிடுகிறது. ஆயினும் அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையின்படி, மனைவியை விலக்க எண்ணும் கணவன் முதலில் காதியாருக்கு, அதாவது முஸ்லிம் விவாகரத்து வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிக்கு, அறிவித்தல் கொடுக்க வேண்டும். காதியார் சமரசத்துக்கு முயல வேண்டும். முப்பது நாட்கள் கழிந்தும் அவன் மனம் மாறாவிட்டால், காதியாரும் இரு முஸ்லிம் சாட்சிகளும் இருக்கத் தலாக் மொழிய வேண்டும். முன்னொரு இரவு வீட்டில் வெறியில் வந்த சொல்லின் மார்க்க நிலையை இந்நடைமுறை தீர்ப்பதில்லை. அக்கணவன் தெளிந்த நிலையில், பலர் முன்னிலையில், அச்சொல்லை மறுபடியும் சொல்வானா என்பதையே அது கேட்கிறது.