எள்ளும் தண்ணீரும் யாருக்கு?

2023 ஜூன் 2-ஆம் தேதி மாலை, ஒடிஸாவின் பாலசோர் ஜில்லாவில் பகானகா பஜார் நிலையத்தில், சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற சரக்கு வண்டியின்மேல் மோதிக் கவிழ்ந்து, ஏறக்குறைய 300 உயிர்கள் மாண்ட செய்தியைச் சென்னைக்கு வடக்கேயுள்ள கும்மிடிப்பூண்டி அசலூர்த் துயரமாகக் கேட்டிருக்க முடியாது. அங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்து உருக்காலைகளில் உழைக்கும் பீகாரிகளும் ஒடியரும் வங்காளிகளுமான பலர் ஊருக்குப் போவதும் வருவதும் அந்தப் பாதை வழியேதான். மறு ஆண்டு அக்டோபர் 11 இரவு, அருகிலுள்ள கவரைப்பேட்டையிலேயே பாக்மதி எக்ஸ்பிரஸ் அதே விதமாக ஒரு சரக்கு வண்டியின்மேல் மோதியது; தெய்வாதீனமாக ஒருவரும் சாகவில்லை.

பாலசோரில் மாண்டவர் பலருடைய முகம் சிதைந்துபோனதால், புவனேசுவரம் எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் வைத்திருந்த சடலங்களுள் சிலவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பத்தார் தம்முடையவை என்று கேட்டார்கள், முடிவில் டி.என்.ஏ. சோதனையே தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. இத்தகைய சோதனையில், பிணத்தின் பல்லிலோ தொடையெலும்பிலோ எடுத்த துகளையும், வாசலில் காத்திருக்கும் தகப்பனின் ஒரு துளி இரத்தத்தையும் ஒப்பிட்டு, 'இவன் உன் மகன்' என்று ஒரு காகிதம் சொல்கிறது. அந்தக் காகிதம் சொல்வது எது, சொல்லாதது எது என்று விசாரிப்பது, ஈமக்கடனில் நம்பிக்கையுள்ள எந்தச் சமயத்தாருக்கும் அவசியம் என்பது என் எண்ணம்.

எலும்பில் கிடைக்கும் மரபுப்பொருள் சொற்பமானது. படிப்பதற்கு முன் அதைப் பெருக்கியாக வேண்டும். பெருக்குவதோ, ஆதியில் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில், சுமார் 70 பாகைச் சூட்டில் சுகமாக வாழ்வதாகத் தாமஸ் பிராக் என்பவர் 1960-களில் கண்டறிந்த ஒரு நுண்ணுயிரின் நொதி. டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளைப் பிரிக்க 95 பாகை வரை சூடேற்ற வேண்டும். மற்ற நொதிகள் கெட்டுப்போகும் அந்தச் சூட்டிலும் இது கெடுவதில்லை. 1983-இல் காரி மல்லிஸ் வகுத்த முறையில் பின்னர் வந்து சேர்ந்த இந்த நொதி, ஏட்டைப் பார்த்து ஏடெழுதும் பிள்ளையைப்போல இழையைப் பார்த்து இழை செய்து, சுற்றுக்குச் சுற்று இரட்டித்து, 30 சுற்றில் ஒன்றை நூறு கோடிக்கு மேலாக்கிவிடுகிறது. மனிதனுக்கு மனிதன் பந்து என்று நிரூபிக்க ஒரு கிருமியின் தயவு வேண்டியிருக்கிறது!

கிருமிகளின் ஜனன மரணத்தை எண்ணினால் வேதாந்தியும் சித்தாந்தியும் ஒருங்கே திகைப்பார்கள். நம் குடலில் குடியிருக்கும் ஈ. கோலை என்னும் நுண்ணுயிர், வசதி வாய்த்தால் 20 நிமிஷத்தில் இரண்டாகிறது. ஆனபின் தாய் எங்கே என்று தேடினால் கிடைப்பதில்லை, தாயின் பிணமும் கிடைப்பதில்லை. இரண்டு மகவிலும் பழைய இழை ஒன்றும் புதிய இழை ஒன்றுமாக அமைகிறது என்று மெசல்சன், ஸ்டால் என்ற இருவர் 1958-இல் நிரூபித்தார்கள். ஆகையால் இதுவே மூலம், அது பிரதி என்று பிரித்துச் சொல்லவும் இடமில்லை. உயிர் அநாதி, நித்தியம், கூறுபடாதது என்னும் சைவ சித்தாந்தத்தின்படி, உடல் பிளந்தாலும் உயிர் பிளவாது. இரண்டாவது உடலில் புகுவது, உடலுக்காகக் காத்திருந்த வேறோர் உயிர் என்றே கொள்ள வேண்டும். கொள்ளலாம், ஆனால் அப்படிக் கொண்ட மாத்திரத்தில், பெருகுவது உடற்கருவியே, உயிர் அன்று என்பதையும் ஒப்புக்கொண்டவர்களாகிறோம். இக்காலத்து மேடைகளில் டி.என்.ஏ.யே ஆத்மா என்றும், பிரமன் எழுதிய தலையெழுத்து என்றும் பேசுகிறவர்களுக்கு இந்தச் சின்னஞ்சிறு ஜந்துவே போதிய மறுப்பு. ஒரு கருவில் பிறந்த இரட்டையரையும் வழக்கமான சோதனை பிரித்தறியாது. அவர்களை ஓர் ஆத்மா என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லத் துணியாது.

ஆக, அந்தக் காகிதம் சொல்வது 'இவன் யார்' என்பதை அன்று, 'இவன் யாருடையவன்' என்பதை. ஒப்பிட உறவு ஒன்று முன்வராவிட்டால், எவ்வளவு தெளிவாகப் படித்தாலும் அது வெறும் எண்களின் வரிசை. சடங்கும் ஏறக்குறைய இப்படித்தான் பேசுகிறது. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளக்கரையில் அமாவாசையன்று பாருங்கள்: தர்ப்பைப் பவித்திரம் தரித்து உட்கார்ந்தவரிடம் புரோகிதர் கேட்பது கோத்திரமும், தகப்பன், பாட்டன், முப்பாட்டன் பெயர்களும். முப்பாட்டன் பெயரில் நாக்குத் தடுமாறாதவர் அபூர்வம். ஆயினும் எள்ளும் தண்ணீரும் நிற்பதில்லை. அதோடு முடிவதுமில்லை. தாய் தந்தை, நட்பு, சுற்றம் எவரும் இல்லாமல் இறந்தார்க்கு என்று கடைசியில் ஒரு முறை நீர் வார்க்கச் சொல்கிறது அந்த விதி. கோத்திரம் கேட்டுத் தொடங்கிய கிரியை கோத்திரம் கேளாத இடத்தில் முடிவதை, அதைச் செய்கிறவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்களோ!

பாலசோரில் அப்படி எவரும் கேட்டு வராத 28 உடல்கள் எஞ்சின. நான்கு மாதம் காத்திருந்து, 2023 அக்டோபரில் புவனேசுவரத்தில் அவற்றைத் தகனம் செய்தார்கள்; தொண்டு செய்ய வந்த பெண்கள் சிலர் முன்னின்று தீ மூட்டினார்கள். பிள்ளைதான் கொள்ளி வைக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையில்லாத இடத்தில் முன்வந்தவரே பிள்ளை. என் ஆட்சேபம் வேறு. இறந்தவன் எந்தத் தெய்வத்தைத் தொழுதான் என்பதை எந்த எலும்பும் சொல்லாது. அந்த 28 பேரில் ஒருவர் முஸல்மானாகவோ கிறிஸ்தவராகவோ இருந்திருக்கலாம். அவர்களுக்கு அடக்கமே வழக்கம். இந்துக்களிலோ துறவிகளையும் குழந்தைகளையும் புதைக்கிறோம், நம் பக்கத்தில் பல குலத்தார் எல்லாரையுமே புதைக்கிறார்கள். அறிவு எட்டாத இடத்தில் யாருடைய சமயத்துக்கும் விரோதமாகாத வழி அதுவே. குழிக்கு ஓர் எண்ணிட்டு மண்ணில் வைத்திருக்கலாம்.