அளக்காமல் எழுதிய எண்

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்றொரு சிற்றூர் உண்டு. நம்மவர் பலர் குடியேறி வாழும் டொரண்டோ மாநகருக்கு வடமேற்கே, மாட்டுப் பண்ணைகள் சூழ அமைந்த ஊர். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அதன் பெயரை வெளியுலகம் அறிந்திருக்கவில்லை. அந்த மாதத்தில் ஊரின் பொதுக் குழாய் நீரைக் குடித்தவர்களுள் 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர். 7 பேர் இறந்தனர். ஊரின் மக்கள்தொகையே ஏறத்தாழ 4,800தான்.

பணமும் பொறியியல் அறிவும் குறைவின்றி உள்ள ஒரு நாட்டில், குழாயைத் திறந்தால் வரும் நீரில் சாவு வந்தது எப்படி என்று ஆராய நீதிபதி டென்னிஸ் ஓகானர் தலைமையில் விசாரணை நடைபெற்றது. அன்று மாகாண முதல்வராயிருந்த மைக் ஹாரிசும் சாட்சிக் கூண்டில் நின்றார். 2002இல் இரு பகுதிகளாக வெளிவந்த அறிக்கையில் மழை, நிலத்தடி நீர், நிர்வாகம், நிதிக் குறைப்பு என எத்தனையோ செய்திகள் உள்ளன. அவற்றுள் ஒன்று மட்டும் என்னை விட்டு அகலவில்லை. அது ஒரு எண்.

கிணற்று நீரில் குளோரின் கலந்தபின் அந்நீரில் எவ்வளவு குளோரின் எஞ்சி நிற்கிறது என்பதை நாள்தோறும் அளந்து தாளில் குறிக்க வேண்டும். வாக்கர்டன் நீர் வழங்கு அலுவலகத்தின் தாள்களில் அந்த அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்றோ 0.75 மில்லிகிராம் என்றோ இருந்தது. மழை பெய்த நாளிலும் வெயில் காய்ந்த நாளிலும் அதே எண். இயற்கை அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. பணியாளர்கள் பல நாட்கள் அளக்கவே இல்லை, அளந்ததாக எழுதினார்கள். ஆய்வுக்கு அனுப்பும் நீர்ப்புட்டிகளிலும் இதே கதைதான். ஓரிடத்தில் பிடித்த நீரை வேறோர் இடத்தில் பிடித்ததாகச் சீட்டு ஒட்டி அனுப்பிய நாட்கள் உண்டு.

இந்த எண்ணின் பொருளைச் சற்று விளக்க வேண்டும். குளோரின் நீரிலுள்ள அழுக்கோடும் நுண்ணுயிரோடும் வினைபுரிந்து தானும் செலவாகிவிடும். அழுக்கு மிகுந்தால் செலவும் மிகும். எனவே, போட்ட குளோரினை விட எஞ்சிய குளோரினே நமக்கு உண்மையைச் சொல்லும். நேற்று எஞ்சியது இன்று எஞ்சவில்லை என்றால், நிலத்துக்கடியில் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று பொருள். நம் ஊராட்சிகளில் தொட்டி இயக்குபவர் சிறு குழாயில் நீரெடுத்து ஒரு சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் தோன்றுகிறதா என்று பார்ப்பதும் இதற்காகத்தான். அந்த மஞ்சள் ஒரு காவல் நாயின் குரைப்பு போன்றது. நாய் குரைக்கவில்லையே என்று பார்க்கப் போகாமல், குரைத்ததாகக் குறித்து வைத்தால் என்னவாகும்?

வாக்கர்டனில் அதுதான் நடந்தது. மே 8 முதல் 12 வரை பெருமழை பெய்தது. ஊரின் ஐந்தாம் எண் கிணறு, தரைக்கு 5 முதல் 8 மீட்டர் ஆழத்திலேயே நீரெடுக்கும் கிணறு. அருகிலிருந்த பண்ணை நிலத்தில் இட்ட மாட்டெரு மழையோடு கரைந்து பாறைப் பிளவுகள் வழியே அதனுள் இறங்கியது. ஈ. கோலை என்னும் நுண்ணுயிரியின் கொடிய வகையொன்றும், கேம்பிலோபாக்டர் என்னும் மற்றொன்றும் அதில் வந்தன. குளோரின் முழுவதும் செலவாகியிருக்க வேண்டும். மழைக்குப் பிந்தைய அந்த நாட்களிலும் பணியாளர் வழக்கம்போல் கிணற்றைப் பார்வையிட்டார். வழக்கம்போல் அளக்காமல் எண்ணை எழுதினார். நாள்தோறும் உண்மையாக அளந்திருந்தால் இந்தத் துயரம் முற்றிலும் நீங்கியிராவிடினும் பெருமளவு குறைந்திருக்கும் என்பது நீதிபதியின் முடிவு.

இவ்வளவு கேட்டதும் அந்தப் பணியாளர்களைக் கொடியவர்கள் என்று தீர்ப்பிட்டுவிட நம் நா துடிக்கும். ஆனால் அறிக்கை தரும் மற்றொரு செய்தி அந்தத் தீர்ப்பைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுகிறது. அவர்களும் அதே நீரைத்தான் குடித்தார்கள். கிணற்றடியில் குளோரின் கலவாத நீரையே விரும்பிக் குடித்தவர் அவர்களுள் ஒருவர். தங்கள் ஊர் நீர் தூயது என்று மனதார நம்பினார்கள். மேலாளரும் கண்காணிப்பாளருமாய் இருந்த அந்த உடன்பிறப்புகளின் தந்தையும் அதே அலுவலகத்தில் பணிபுரிந்தவர். அளக்காமல் எழுதும் வழக்கம் அவர்கள் பொறுப்பேற்குமுன்பே அங்கு வேரூன்றியிருந்தது. தேர்வெழுதாமல், பணி அனுபவத்தின் பேரிலேயே உரிமச் சான்று பெற்றவர்கள். அவர்களுடைய பெயர்கள் நீதிமன்றப் பதிவுகளில் உள்ளன. ஈண்டு நமக்கு அவை வேண்டியதில்லை.

அப்படியானால் அவர்கள் சொன்னது எத்தகைய பொய்?

பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதியவர் புனித அகுஸ்தீன். மனத்தில் ஒன்றிருக்க, பிறரை ஏமாற்றும் நோக்குடன் வேறொன்றைச் சொல்வதே பொய் என்பது அவர் கொள்கை. எந்த நன்மைக்காகவும் அதற்கு இடமில்லை என்று உறுதியாய் நின்றவர் அவர். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. "நீர் நன்றாயிருக்கிறது" என்பதில் அந்தப் பணியாளர்கள் பொய் சொல்லவில்லை. அதை அவர்கள் நம்பினார்கள். "அளந்து பார்த்தேன்" என்பதில்தான் பொய் சொன்னார்கள். தாங்கள் உண்மை என்று நம்பிய ஒன்றுக்குச் சான்றாகப் பொய்யான ஒன்றை எழுதி வைத்தார்கள். நல்லவர்கள் சொல்லும் பொய்களில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் வள்ளுவரோ வேறு வழியில் செல்கிறார். வாய்மை என்பதை, பிறர்க்குச் சிறிதும் தீங்கு தராத சொல் என்று வகுத்து, குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். தமிழர் வீடுகளில் இந்தக் குறளை மேற்கோள் காட்டிச் சொல்லப்படாத பொய் இல்லை. "யாருக்கு என்ன கெட்டுப் போயிற்று?" என்பது அந்தக் குறளின் நடுத்தெரு வடிவம். வாக்கர்டன் பணியாளர்களும், குறளை அறியாமலே, அதைத்தான் தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் எழுதிய எண்ணால் யாருக்கும் எதுவும் நேரவில்லையே!

ஆனால் வள்ளுவர் தரும் சலுகை அவர்களுக்குப் பொருந்துமா? தீங்கு விளையாது என்று அறிந்தவனுக்கே அந்தச் சலுகை. அளவுத் தாளை நிரப்புகிறவன் தீங்கு விளையுமா விளையாதா என்பதை எவ்வாறு அறிவான்? அளந்தால்தான் அறிவான். அறிவதற்கு இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டு, "எனக்குத் தெரிந்து தீங்கில்லை" என்று அவன் சொல்ல முடியாது. ஆகவே இந்த ஒரு வகைப் பொய்யில் அகுஸ்தீனும் வள்ளுவரும் எதிரெதிரே நிற்கவில்லை என்றே கருதுகிறேன். மற்றப் பொய்கள் உண்மையை மறைக்கின்றன. இதுவோ உண்மை தோன்றுமுன்பே அதன் இருக்கையில் ஏறி அமர்ந்துகொள்கிறது.

அறியாமை குற்றத்தை நீக்குமா என்ற கேள்விக்கு அக்குவினோ நகர்ப் புனித தோமா தந்த விடையும் இங்கே துணைசெய்யும். அறிய இயலாததை அறியாமல் இருப்பவன் குற்றவாளியல்லன். அறிய இயல்வதும் அறியக் கடமைப்பட்டதுமான ஒன்றை அறியாதிருப்பவனின் அறியாமையே ஒரு குற்றம் என்றார் அவர். அந்தப் பண்ணையின் உரிமையாளரை எடுத்துக்கொள்வோம். நோய் வந்தது அவர் நிலத்து எருவிலிருந்து. ஆனால் அவர் முறைப்படிதான் எருவிட்டார், அவர்மேல் குறை சொல்ல இயலாது என்று நீதிபதி வெளிப்படையாகவே எழுதினார். காரணமாய் இருப்பது வேறு, குற்றவாளியாய் இருப்பது வேறு. எருவைத் தந்தவர் குற்றமற்றவர். எருவைத் தொடாதவர்கள் குற்றமுடையவர்கள். மனச்சான்றின் கணக்கு கையில் படிந்த அழுக்கைக் கொண்டு போடப்படுவதில்லை.

குற்றமுடையவர்கள் அந்த இருவர் மட்டும்தானா என்றால், இல்லை. 1978இல் அந்தக் கிணறு தோண்டப்பட்டபோதே அது மேல்மட்ட மாசுக்கு இடம் தரும் என்று வல்லுநர் எச்சரித்திருந்தார். குளோரினையும் கலங்கலையும் இடைவிடாது அளக்கும் கருவிகளை அங்குப் பொருத்தியிருந்தால் இத்துயரம் நிகழ்ந்தே இராது. பொருத்தும்படி அரசுத் துறை வற்புறுத்தவில்லை. 1996இல் மாகாண அரசு தன் ஆய்வகங்களில் ஊராட்சிகளின் குடிநீரைச் சோதிக்கும் பணியைக் கைவிட்டது. சோதனை தனியார் கைக்குப் போனது. தீய முடிவு வந்தால் நலவாழ்வு அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும் என்று தனியார் ஆய்வகங்களைக் கட்டாயப்படுத்தும் விதி எதையும் அரசு இயற்றவில்லை. சுற்றுச்சூழல் துறையின் நிதியும் ஆட்களும் வெட்டப்பட்டன. அந்த வெட்டுகளைச் செய்தவர்கள் எவரும் சிறை செல்லவில்லை. 2004இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்த இருவரே தண்டனை பெற்றனர். மேலாளருக்கு ஓராண்டுச் சிறை. மற்றவருக்கு ஒன்பது மாத வீட்டுக் காவல். சிறிய மீன்கள் வலையில் சிக்கின, பெரியவை தப்பின என்று சிலர் கசந்துகொண்டது நியாயமே. ஆனால் பெரிய மீன் தப்பியது சிறிய மீனுக்கு விடுதலைப் பத்திரம் ஆகிவிடாது.

ஊராரையும் விட்டுவிடுவதற்கில்லை. நீரில் குளோரின் நெடி அடிக்கிறது என்று முறையிட்டவர்கள் அவர்கள். அதற்கேற்ப மருந்தைக் குறைத்துப் போட்டதும் உண்டு. நம் தெருவிலும் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று, "காப்பி வாயில் வைக்க முடியவில்லை" என்று தொட்டி இயக்குபவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சுவைக்காக ஒரு குரல் கொடுத்தோம். பாதுகாப்புக்காக ஒருநாளாவது அந்தத் தாளைக் காட்டச் சொன்னோமா?

மே 17 அன்று ஆய்வக முடிவு மேலாளருக்கு எட்டியது: நீர் மாசடைந்துள்ளது. 18ஆம் நாள் குருதிக் கழிச்சலோடு இரண்டு குழந்தைகள் பக்கத்து நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 19ஆம் நாள் நலவாழ்வு அலுவலகத்தார் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, நீரில் ஏதேனும் குறை உண்டா என்று கேட்டனர். நன்றாயிருக்கிறது என்றார் அவர். இம்முறை அது நம்பிக்கையில் சொன்னதன்று. முடிவு அவர் கையில் இருந்தது. ஒருபுறம் இப்படிச் சொல்லிக்கொண்டே, மறுபுறம் குழாய்களில் குளோரினை மிகுதியாகச் செலுத்தி நிலைமையைச் சரிசெய்ய அவர் போராடினார். ஏழாம் எண் கிணறு பல நாட்களாகக் குளோரின் கருவியே இன்றி இயங்கியதை மறைக்கப் பிறகு தாள்களும் மாற்றி எழுதப்பட்டன. பத்தாண்டுகளாக வலிக்காமல் பொய் எழுதிய கைக்கு, வலிக்கிற நேரத்தில் மட்டும் உண்மை எழுத வருமா?

20ஆம் நாள் அலுவலகப் பணியாளர் ஒருவர், தம் பெயரைச் சொல்லாமல், அரசுத் துறையைத் தொலைபேசியில் அழைத்து ஆய்வு முடிவைத் தெரிவித்தார். பெயர் சொல்லும் துணிவு அவருக்கு வரவில்லை. வாய் மூடியிருக்கவும் மனம் ஒப்பவில்லை. 21ஆம் நாள் பிற்பகல், நலவாழ்வு அதிகாரி மருத்துவர் முரே மெக்குவிக் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கும்படி வானொலி வழியே அறிவித்தார். ஆய்வு முடிவு அப்போதும் அவர் கைக்கு வரவில்லை. நோயாளிகளைக் கொண்டே முடிவு செய்தார். மறுநாள் முதல் சாவு நேர்ந்தது.

19ஆம் நாளே மேலாளர் உண்மையைச் சொல்லியிருந்தால்? நீதிபதி இந்தக் கேள்விக்கும் விடை தேடினார். 300 முதல் 400 பேர் வரை நோயிலிருந்து தப்பியிருக்கலாம். சாவுகள் தவிர்க்கப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஒரு பொய்யின் எடையை இவ்வளவு நிதானத்தோடு நிறுத்த வேறொரு தீர்ப்பை நான் படித்ததில்லை. கோபத்தில் ஏழு சாவுகளையும் அந்த ஒரு தொலைபேசிப் பேச்சின்மேல் ஏற்றுவது எளிது. அவர் ஏற்றவில்லை. இறந்தோர்க்குச் செய்யும் மரியாதையும் அதுவே என்று எண்ணுகிறேன்.

நான் முப்பது ஆண்டுகள் மேனிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன். தனி ஊசலை ஆட்டி, நிறுத்துக்கடிகாரத்தால் நேரம் குறித்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் செய்முறையை நம் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். விடை 980 வர வேண்டும். பிள்ளைகள் விடையை முதலில் எழுதிவிட்டு, அது வரும்படியாக அளவுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பதிவேட்டில் நிரப்புவார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தே கையொப்பமிட்டேன். யாருக்கு என்ன கெட்டுப் போயிற்று?

ஓராண்டில் ஒரு மாணவன் 940 என்று எழுதி வந்தான். திரும்பச் செய்யச் சொன்னேன். மீண்டும் 940 என்றே வந்தது. மற்ற நாற்பது பேருக்கும் 980 வரும்போது உனக்கு மட்டும் எப்படி மாறும் என்று கடிந்து, இருபதுக்குப் பன்னிரண்டு மதிப்பெண் போட்டேன். மற்றவர்களுக்குப் பதினெட்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறொரு வேலையாக அந்த நிறுத்துக்கடிகாரத்தை என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், அது நிமிடத்துக்கு ஒரு விநாடிக்கு மேல் முந்தி ஓடுவதைக் கண்டேன். கணக்குப் போட்டேன். 940தான் வந்தது. அந்தப் பையன் அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தான்.