மூடி வைத்த இரதம்

இந்த மாதச் செய்திக்காக ஜெபித்துக் காத்திருந்தபோது கர்த்தர் எனக்கு உணர்த்தின பகுதி, அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரம் 26 முதல் 39 வரையுள்ள வசனங்கள். வேதத்தை எடுத்து ஒருமுறை வாசித்துவிட்டு இதைத் தொடருங்கள். காத்திருக்கிறேன்.

வாசித்தீர்களா? அங்கே ஒரு மந்திரி வருகிறான். எத்தியோப்பிய தேசத்துக் கஜானா முழுவதும் அவன் கையில். எருசலேமுக்குப் போய்த் தொழுதுகொண்டு, இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டே ஊர் திரும்புகிறான். அந்தக் காலத்தில் இரதம் என்றால் சாமானியமா? நாலு குதிரை பூட்டினானோ இரண்டு பூட்டினானோ, இன்றைக்கு நாம் ரோட்டில் நின்று திரும்பிப் பார்க்கிற காரைப் போலத்தான் அன்றைக்கு அது. பிலிப்புவோ நடந்து வந்தவர். அதுவும் காசாவுக்குப் போகிற வனாந்தரப் பாதை. கால் முழுக்கப் புழுதி. இரதத்தோடு சேர்ந்து ஓடியும் இருக்கிறார், அப்படியானால் வேர்வை வேறே. அந்த மனுஷனைப் பார்த்து மந்திரி, ஏறி வந்து என் பக்கத்தில் உட்காருங்கள் என்று கெஞ்சுகிறான்!

இந்த இடத்தை நான் பைபிள் காலேஜில் டிப்ளமோ படித்த நாளிலிருந்து எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன். ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசுவேன், வேதத்தை விளங்கிக்கொள்வதைப் பற்றிப் பேசுவேன். அந்தப் புழுதிக் காலைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை. ஏன் என்று இன்றைக்குச் சொல்லப்போகிறேன். இது பிரசங்கம் பாதி, என் பாவ அறிக்கை பாதி.

என்னிடம் ஒரு கார் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1983-ஆம் வருஷத்து பென்ஸ், 240டி என்கிற டீசல் மாடல். புதுசாய்ச் சபைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, பாஸ்டர் ரொம்ப வசதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். விஷயம் அதுவல்ல. வாரத்தில் ஆறு நாள் நான் டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் கை கறுக்க வேலை பார்க்கிறவன். 2014-ல் குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில், ஷெட்டுக்குள் கோழி அடைந்துகொண்டு நின்றிருந்த வண்டியை, ஒரு பழைய மாருதி வாங்குகிற பணத்துக்கு வாங்கி வந்தேன். காசு கொடுத்தது நான். ஆனால் அதைத் தேராய் எழுப்பி நிறுத்தினது நான் மாத்திரமல்ல.

பிரியமானவர்களே, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பழைய பென்ஸ்காரர்கள் கூட்டத்தில் நான் கண்ட ஐக்கியத்தைச் சில சபைகளில் கூடக் கண்டதில்லை. ஒருவர் மில் முதலாளி வீட்டுப் பிள்ளை. ஒருவர் பொள்ளாச்சியில் குழந்தைகள் டாக்டர். ஒருவர் டிங்கர் வேலை செய்கிற பாய். பெரியவன் சின்னவன் கிடையாது, எல்லாருக்கும் நகத்தில் கிரீஸ்! எனக்கு ஒரு கதவுப் பூட்டின் ரப்பர் தேவைப்பட்டது. சென்னை புதுப்பேட்டைச் சந்தெல்லாம் ஆள் வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. இதைக் கேள்விப்பட்ட டாக்டர், தன் வண்டிக்கென்று எடுத்து வைத்திருந்ததை மறுநாள் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். பணம் என்று நான் வாயெடுத்ததும், "அதெல்லாம் பேசக்கூடாதுங்க, எனக்கு வேணும்னா நீங்க தரமாட்டீங்களா?" என்று கேட்டார். அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரக் கடைசியில் ஆதிச்சபையைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இவர்கள் ஞாபகம் வருகிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வரிசைக் கார்களை 1976 முதல் பத்து வருஷ காலம் விற்றார்கள், ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள். இதற்கு முந்தின மாடல் 240டி ஒன்றை, கிரேக்க தேசத்தில் ஒரு டாக்ஸி டிரைவர் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-ல் கம்பெனி மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார். வேகம் கிடையாது. 72 குதிரைச் சக்திதான். மேட்டில் நம் டவுன் பஸ் முந்திப் போகும். ஆனால் பராமரித்தால் மனுஷனுக்கு முன் அது சாகாது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதரம் ஆயில் மாற்ற வேண்டும், வால்வு இடைவெளியை நாமே ஸ்பேனர் போட்டுச் சரிபார்க்க வேண்டும், டீசல் பில்டரை மறக்கக்கூடாது.

இதிலே ஒரு அதிசயமான அமைப்பு உண்டு. தீப்பொறி பிளக் இல்லாத டீசல் இன்ஜின், சாவியைத் திருப்பிக் கரண்டை நிறுத்தினால் மட்டும் நிற்காது. இன்ஜின் ஓட்டத்திலேயே சுழலுகிற ஒரு வேக்கம் பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. பிரேக்குக்குப் பலம் கொடுப்பதும் அந்த உறிஞ்சல்தான், கதவுகளைப் பூட்டுவதும் அதுதான், சாவியைத் திருப்பினதும் டீசலை அடைத்து இன்ஜினை நிறுத்துவதும் அதுதான். ஒருநாள் என் வண்டியில் சாவியை உருவிக் கையில் எடுத்துவிட்டேன், இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது! பானெட்டைத் திறந்து, ஸ்டாப் என்று எழுதின லீவரை அழுத்தித்தான் நிறுத்தினேன். பம்ப் மெக்கானிக் அல்லவா, பம்பைக் கழற்றி மேஜைமேல் போட்டு ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். பம்பில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் டாக்டர் போனில் கேட்டார்: "பின்கதவு பூட்டுதுங்களா?" பூட்டவில்லை. வலது பின்கதவுக்குள் ஒரு ரூபாய் அகலத்து ரப்பர் கிழிந்து காற்று கசிந்ததால், முன்னாலே இன்ஜின் நிற்கவில்லை. அவர் பஸ்ஸில் அனுப்பினது அந்த ரப்பர்தான்.

சகோதரனே, சகோதரியே, அந்த மாதம் இதை வைத்து நாக்கை அடக்குவதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னீர்கள். எனக்கே என் பின்கதவு எங்கே கசிகிறது என்று தெரியாது.

மெல்ல மெல்லத்தான் வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு அவிநாசி ரோட்டில் வண்டிகள் கூடும். எட்டரைக்குத் திரும்பி ஒன்பது மணி ஆராதனைக்கு வந்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். பிறகு ஒன்பதேகால் ஆயிற்று. வாலிபர்கள் எனக்காகக் காத்திராமல் பாட ஆரம்பித்தார்கள். பழைய கார் என்றால் செலவு ஓயாது. 2022 ஏப்ரலில் அரசு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினபோது எல்லாரும் அங்கலாய்த்தார்கள். ஆனால் அதற்கு நாலு வருஷம் முந்தியே நான் என் வீட்டம்மாவுக்குச் சொல்லாமல், சீட்டு எடுத்த பணத்தில் சீட்டுக் கவர் தைத்திருந்தேன். (வார்த்தை விளையாட்டு அல்ல, அப்படித்தான் நடந்தது.) கிரீம் கலர். தைத்த பிறகு, யார் ஏறினாலும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுவேன். சிரித்துக்கொண்டே சொல்லுவேன். அவர்களும் சிரித்துக்கொண்டே கழற்றுவார்கள்.

2018 நவம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. நல்ல மழை. இரண்டு மணி இருக்கும், போன் அடித்தது. நாலு வீடு தள்ளி இருக்கிற நம் சபைத் தாயார், பஞ்சாலையில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர்கள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு வலி கண்டுவிட்டது. "பாஸ்டரய்யா, பனிக்குடம் உடைஞ்சிருச்சுங்க. வண்டிய எடுத்துட்டு வந்துருங்களேன்."

பனிக்குடம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு என்ன ஞாபகம் வந்திருக்க வேண்டும்? சொல்ல நாக் கூசுகிறது. அந்தக் கிரீம் கலர் சீட்டு ஞாபகம் வந்தது.

"அம்மா, பேட்டரி இறங்கிப் போச்சுங்களே" என்றேன்.

அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பால் வேன்காரரை எழுப்பி, கேன்களை இறக்கிவைத்துவிட்டு, அந்தத் தகரத்தின்மேல் சமுக்காளத்தை விரித்துப் பிள்ளையைக் கொண்டுபோனார்கள். நான் போனை வைத்துவிட்டு முழங்காலில் நின்று ஜெபம் செய்தேன்! அதுதான் எல்லாவற்றிலும் கேவலம். என் வீட்டம்மா இருட்டிலே கேட்டாள்: "பேட்டரி எப்பங்க இறங்குச்சு?"

விடிந்தால் முதல் ஞாயிறு. மழை விட்டிருந்தது. ஐந்தரைக்கு வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கூட்டத்துக்குப் போனேன். புதுச் சீட்டை எல்லாரும் மெச்சினார்கள்.

பிள்ளை சுகமாய்ப் பிறந்தது, பெண் குழந்தை, தாயும் சுகம். ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு வண்டியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. கவரை இழுத்துக் கட்டி நிறுத்திவிட்டேன். ஜனவரியில் எடுக்கப் போனால் பின்சக்கரம் சுற்றவில்லை, ஹேண்ட்பிரேக் ஈரத்தில் இறுகிவிட்டது. பாய் வந்து கார்ப்பெட்டைத் தூக்கினார். தண்ணீர். முன்கண்ணாடி ரப்பருக்கு அடியில் நாள்பட்ட கசிவு. பாய் ஸ்குருடிரைவரால் தரையை லேசாய்த்தான் குத்தினார், அது அப்பளம் போல உள்ளே போயிற்று. மேலே முகம் பார்க்கிற பாலிஷ், கீழே சல்லடை! "மழை வந்தா மூடிர்றீங்க, ஈரத்தோட மூடிர்றீங்க. பிளாஸ்டிக் கவருக்குள்ள ஆவி எங்க போகும்? ஓடுற வண்டிக்கு இவ்வளவு துரு வராதுங்கய்யா" என்றார். துருவைப் பற்றி நம் ஆண்டவர் மலையிலே சொன்னதை (மத்தேயு 6:19) ஒரு முஸ்லிம் சகோதரர் ஸ்குருடிரைவரால் எனக்கு விளக்கினார்.

தகரம் வெட்டி வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். கதை அல்ல, சரித்திரம். கார்ல் பென்ஸ் 1886-ல் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் அதைத் தூர ஓட்டிக் காட்டத் தயங்கினார், இன்னும் சரிபண்ண வேண்டும் என்று பட்டறையிலேயே வைத்திருந்தார். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, புருஷனுக்குச் சொல்லாமல், இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டாள். மன்ஹெய்மிலிருந்து ஃபோர்ட்ஸெய்ம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல். வழியில் எரிபொருள் தீர்ந்தது, மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினாள். குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தாள். பிரேக் தேய்ந்தது, செருப்புத் தைக்கிறவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டாள். மேட்டிலே பையன்கள் தள்ளினார்கள். எங்கே போனாள் தெரியுமா? தன் தாயைப் பார்க்க! அந்தப் பிரயாணத்துக்குப் பிறகுதான் உலகம் அந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் இதைக் கார் சரித்திரமாய்த்தான் சொன்னார். பனிக்குடம் உடைந்த பெண்ணைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் எழுந்துபோய் ஒர்க்‌ஷாப் பின்னால் நின்று அழுதேன்.

அடுத்த ஞாயிறு அந்தக் குழந்தையின் பிரதிஷ்டை. தாயார் சாட்சி சொல்ல எழுந்தார்கள். கர்த்தருக்கு நன்றி சொன்னார்கள், பால் வேன்காரருக்கு நன்றி சொன்னார்கள், நர்சம்மாவுக்கும் சொன்னார்கள். என்னைப் பற்றி நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. குழந்தையைக் கையில் வாங்கினேன். ஜெபம் வரவில்லை. தாயிடமே திரும்பக் கொடுத்துவிட்டு, அறுபது பேருக்கு முன்பாக, "பேட்டரி இறங்கவில்லை, நான் பொய் சொன்னேன்" என்றேன். சீட்டுப் பணத்தையும் சொன்னேன். ஞாயிறு காலைகளையும் சொன்னேன்.

மின்விசிறிச் சத்தம் மாத்திரம் கேட்டது. தாயார்தான் முதலில் வாயைத் திறந்தார்கள்.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க சாமி. ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தேன், விடியால வண்டி ஸ்டார்ட் ஆற சத்தம் கேட்டுச்சே."

இரண்டு மாதம் அதைத் தெரிந்துகொண்டே, வாராவாரம் முன்வரிசையில் உட்கார்ந்து, என் பிரசங்கத்துக்கு ஆமென் சொல்லியிருக்கிறார்கள். நானோ வேதம் படித்தவன், அவர்களோ கைநாட்டு. நான் முகத்தை மூடிக்கொண்டேன். அவர்கள் பக்கத்தில் வந்து, "பத்தாம் வாரத் தடுப்பூசி வருதுங்க. அன்னிக்காவது வண்டி வருமுங்களா?" என்று கேட்டார்கள். சபை முழுக்கச் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன், அழுதுகொண்டே.

வண்டி போயிற்று. செருப்போடு ஏறினார்கள், வெளியே சேறு. திரும்பி வரும்போது ஊசி போட்ட குழந்தை, குடித்த பால் முழுவதையும் கிரீம் கலர் சீட்டிலே கக்கிவிட்டது. என் வீட்டம்மா தன் முந்தானையால் துடைத்தாள், துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அதை வித்துப்போடுங்கள் பாஸ்டர் என்று நல்ல மனதோடு சிலர் சொன்னீர்கள். யோசித்தேன், ஜெபித்தேன். பிலிப்பு அந்த மந்திரியிடம், இரதத்தை வித்துவிட்டு நடந்து போ என்று சொல்லவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார், தண்ணீர் கண்ட இடத்தில் இரண்டு பேரும் இறங்கினார்கள். கூட்டத்துக்கு இப்போதும் போகிறேன், ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எனக்காக நாளை மாற்றினது அந்த நண்பர்கள்தான், நான் கேட்கக்கூட இல்லை.

அறிவிப்பு: வியாழக்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு நம் வண்டி போகும். சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவர்கள், கர்ப்பஸ்திரீகள், நடக்கமுடியாத பெரியவர்கள் சபை வாசலில் நிற்கலாம். ராத்திரி எந்த நேரமானாலும் போன் பண்ணலாம். டீசலுக்குக் காசு தரவேண்டாம், செருப்பைக் கழற்றவேண்டாம். வலது பின்கதவை மட்டும் மெதுவாய்ச் சாத்துங்கள், ரப்பர் மறுபடியும் கசிய ஆரம்பித்திருக்கிறது.