மருந்து கொடுத்த கை கயிற்றையும் பிடிக்கலாமா?





வேலைக்காரருக்குக் காய்ச்சல். முதலாளி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் பணமும் கட்டுகிறார். இது தர்மமா? உடனே ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பணம் எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்று பாருங்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் நெல் விளைந்த பெரும் பண்ணைகளில் அடிமைகளுக்கென்று வைத்தியக் கூடமே இருந்தது. ஒரு பண்ணையாரின் மனைவி ஃபேனி கெம்பிள் 1838-39இல் அதைப் பார்த்து எழுதி வைத்தார். நோயுற்ற பெண்கள் மெத்தையும் தலையணையும் இன்றித் தரையில் கிடந்தார்களாம். அடிமை என்பவன் விலை கொடுத்து வாங்கிய சொத்து. மாடு படுத்தாலும்தான் வைத்தியரைக் கூப்பிடுகிறோம்!

தூர தேசத்துக் கதை என்று எண்ண வேண்டாம். நம் உத்திரமேரூர் அன்று செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அடிமைமுறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1843இல் ஆனது. ஆனாலும் 1891இல் கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையில், இந்த ஜில்லாவின் படியாட்கள் சிறு கடனுக்காக மிராசுதாரர்களிடம் கட்டுண்டு கிடந்த நிலை பதிவாகியிருக்கிறது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு முதியவர் அதிகாரிகளின் காலில் விழுந்த படத்தை நாடே பார்த்தது.

ஏழை எதற்காக முன்பணம் வாங்குகிறான்? பிரசவத்துக்கு, காய்ச்சலுக்கு, மையத்துச் செலவுக்கு. வேலைக்கு வந்த இடத்தில் மறுபடி நோய் வருகிறது. அந்தச் செலவும் கடனில் ஏறுகிறது. படுத்த நாட்களுக்குக் கூலியும் இல்லை. உடம்பைக் காப்பாற்றிய மருந்தே காலுக்கு விலங்காகிவிடுகிறது.

“கொடுத்த கடனைக் கேட்கக்கூடாதா ஹஜ்ரத்?” என்று கேட்பீர்கள். கேட்கலாம். கடனை எழுதி வைக்கச் சொல்வதே குர்ஆன்தான். அதே பகரா சூராதான், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் இன்னும் சிறந்தது என்கிறது. கடன் கேட்க உரிமை உண்டு. கடனுக்காக ஆளைப் பிடித்து வைக்க உரிமை இல்லை. சுதந்திரமானவனை விற்று அந்தக் காசைத் தின்றவனுக்கும், வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கும் மறுமையில் அல்லாஹ்வே எதிரியாக நிற்பான் என்று ஹதீஸ் குத்ஸியில் வருகிறது.

நல்லவர்களின் அடையாளத்தை அத்தஹ்ர் சூரா காட்டுகிறது: ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்பார்கள், பதிலாக எதையும், நன்றியைக்கூட, எதிர்பார்க்க மாட்டார்கள். நம் உதவியை உரசிப் பார்க்க இதுவே உரைகல். குணமான பிறகு அவர் “நான் ஊருக்குப் போகிறேன்” என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது ஸதகா. முடியாவிட்டால், நாம் பார்த்தது வைத்தியம் அல்ல; நம் சொத்துக்குப் பராமரிப்பு.

அரிசி ஆலையோ, சூளையோ, கடையோ நடத்தும் சகோதரர்களே! இன்றிரவு கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். ஆளைக் கட்டி வைத்திருக்கும் கடன் சட்டப்படியே செல்லாது, அடித்துவிடுங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது அப்படிக் கட்டுண்டு கிடப்பது தெரிந்தால் சப்-கலெக்டருக்குத் தெரியப்படுத்துங்கள். கழுத்துகளை விடுவிப்பதும் கடனில் மூழ்கியவரை மீட்பதும் ஜகாத்துக்கு அல்லாஹ்வே குறித்த செலவினங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளால் எவரும் கட்டுண்டு போகாமல் காப்பாயாக! ஆமீன்.