கொலைக்கதையும் கொழுந்துமலையும்

முற்போக்கு இலக்கியம் பேசுவோர் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களை வாசிக்கலாமா? இவ்வினாவை அண்மையில் நண்பரொருவர் சற்றே ஏளனத்தோடு எம்மிடம் எழுப்பினார். ஆசிரியர் அறையில், விடைத்தாள் கட்டுகளுக்கிடையே நாம் செருகி வைத்திருந்த அகதா கிறிஸ்டியின் நூலொன்று அவர் கண்ணிற் பட்டுவிட்டதே காரணம். பிடிபட்ட கள்வனைப் போல் நாம் அதை மறைக்க முயன்றதும் உண்மைதான். ஏன் மறைத்தோம் என்று பின்னர் எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். இக்கதைகள் இன்பம் தருகின்றன. பதுளையில் கார்த்திகை மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருக்கும் இரவில், ஓர் ஆங்கிலக் கிராமம், ஒரு மாளிகை, அதனுள் ஏழெட்டுப் பேர், அவர்களுள் ஒருவர் கொலைகாரர் என்று கதை தொடங்கிவிட்டால் புத்தகத்தை மூடுவது எளிதன்று. இரத்தம் அதிகம் சிந்துவதில்லை. பின்னல் வேலையைக் கீழே வைக்காத கிழவியொருத்தி யாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் முடிச்சுகள் எல்லாம் அவிழ்கின்றன. நாம் நிம்மதியாக உறங்கப் போகிறோம்.

இந்த நிம்மதியைத்தான் நம்மவர் சந்தேகிக்கின்றனர். அச்சந்தேகம் பொருளற்றதன்று. பெல்ஜிய நாட்டு மார்க்சியப் பொருளியலாளர் ஏர்னஸ்ட் மன்டெல் 1984இல் குற்றக்கதையின் சமூக வரலாற்றை ஒரு நூலாகவே எழுதினார். குற்றம் சமுதாய அமைப்பிலிருந்து பிறப்பதை மறைத்து, அதனைத் தனியொருவனின் தீய மனத்தில் ஏற்றிவிட்டு, அவன் பிடிபட்டதும் உடைமை வர்க்கத்தின் ஒழுங்கு மீண்டுவிட்டதாகக் காட்டுவது இக்கதைகளின் இயல்பு என்பது அவர்தம் வாதத்தின் சாரம். ஆயினும் தாமும் இக்கதைகளை விரும்பி வாசிப்பவரே என்று அவர் மறைக்காமற் சொல்லிவிடுகிறார். எமக்கு அது பெரிய ஆறுதல்!

மன்டெலுக்கு இல்லாத சங்கடமொன்று ஊவா மலைநாட்டில் வாழும் நமக்கு உண்டு. இக்கதைகளின் ஒவ்வோர் அத்தியாயத்திலும் யாரேனும் ஒருவர் தேநீர் அருந்துகிறார். (தமிழ்வாணனின் சங்கர்லாலும் தேநீர் இன்றித் துப்பறிய மாட்டார் என்பதை வாசகர் அறிவர்.) அத்தேயிலை எங்கிருந்து வந்தது என்று எந்தத் துப்பறிவாளரும் கேட்டதில்லை. அந்த மாளிகைகூட நமக்கு அந்நியமன்று. அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் எழுப்பிய ஆதிஷாம் பங்களாவைக் காணச் சென்ற நம் மாணவர்கள், கருங்கற் சுவர்களையும் ரோசாத் தோட்டத்தையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு, கதையில் வரும் வீடு இதுதான் என்றார்கள். இன்று அது துறவியர் மடம். கதையிலுள்ள மாளிகையில் இருந்து பார்த்தால் லயன் தெரிவதில்லை. இங்கேயோ, வளைவொன்று திரும்பினால் போதும்.

உயர்தர வகுப்பில் ஒருநாள் பாடம் முடிந்து நேரம் எஞ்சியிருந்தபோது, கிறிஸ்டி 1953இல் வெளியிட்ட ‘எ பொக்கெட் ஃபுல் ஒஃப் ரை’ நாவலின் கதையைச் சொன்னோம். செல்வந்தர் ஒருவர் தம் அலுவலகத்தில் தேநீர் அருந்தியதும் நஞ்சால் இறக்கிறார். பின் வீட்டில் மாலைத் தேநீர் வேளையில் அவர் மனைவி இறக்கிறாள். அதே வீட்டின் பணிப்பெண் கிளாடிஸ், தட்டை இடைவழியில் வைத்துவிட்டுக் காணாமற் போகிறாள். அவள் பொருட்டு முதலில் எழுவது கவலையன்று, சினமே. அவளோ துணி காயப்போடும் இடத்தருகே கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறாள். மூக்கில் துணி மாட்டும் கிளிப் ஒன்று செருகப்பட்டிருக்கிறது. இந்த அவமதிப்பைப் பத்திரிகையில் வாசித்து, உள்ளம் கொதித்து, இரயிலேறி வருகிறாள் மிஸ் மார்ப்பிள். செல்வந்தருக்காக அவள் வரவில்லை, அந்தப் பெண்ணுக்காகவே வருகிறாள். கொலைகாரனின் பெயரை நாம் வெளியிடப் போவதில்லை. ஆபிரிக்காவிலுள்ள ஒரு சுரங்கத்தின் மீது வைத்த ஆசையே யாவற்றுக்கும் வேர் என்று மட்டும் சொல்லி நிறுத்தினோம்.

பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அந்தப் பிள்ளைக்கு அம்மா அப்பா இல்லையா சேர்? வேற யார் வந்து கேட்டாங்க?”

அநாதை இல்லத்தில் வளர்ந்தவள், வேறு யாரும் வரவில்லை என்றோம். வகுப்பு மௌனமாயிற்று. அந்த மௌனத்தின் பொருள் எமக்குப் பிறகே விளங்கியது. 2021 ஜூலையில், டயகமையிலிருந்து கொழும்பிலுள்ள வீடொன்றுக்கு வேலைக்குச் சென்றிருந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் இறந்தாள். மலையகத்து வீதிகளில் மக்கள் இறங்கி நியாயம் கேட்டனர். புதைத்த உடல் தோண்டியெடுக்கப்பட்டு மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. அவ்வகுப்பில் அதை அறியாதவர் எவருமிலர்.

இங்கேதான் எம்முடைய எண்ணம் திரும்பியது. இக்கதைகளின் கவர்ச்சி வெறும் தப்பியோடல் அன்று. ஒரு மரணமும் விடையின்றிப் போகாது என்ற வாக்குறுதியே அக்கவர்ச்சி. அந்த வாக்குறுதிக்காக மிகவும் பசித்திருப்பவர் மாளிகைவாசியா, லயத்துவாசியா? ‘விபத்து’ என்று பெரியவர்கள் சொன்னதும் அதை ஏற்க மறுத்து அடுத்த கேள்வியைக் கேட்பதுதான் துப்பறிவாளரின் முதற்பண்பு. இப்பண்பு நமக்கு வேண்டாம் என்று எந்த முற்போக்காளர் சொல்ல முடியும்?

ஆனால் அவ்வாக்குறுதி எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிளாடிஸுக்காக நெஞ்சு கொதிக்கும் மார்ப்பிளே, அநாதைச் சிறுமியரை எடுத்து வீட்டு வேலைக்குப் பழக்கி அனுப்புபவள். கிளாடிஸைப் பழக்கியவளும் அவளே. பெற்றோரற்ற பெண்ணுக்குப் பிறர் வீட்டுத் தட்டைத் தவிர வேறு வாழ்வில்லையா என்ற வினா அவள் கூரிய மூளையில் உதிப்பதில்லை. கொன்ற கையை அவள் கண்டுபிடிப்பாள். அந்தக் கை எட்டும் இடத்தில் அச்சிறுமியைக் கொண்டுபோய் நிறுத்தியது எது என்று கேட்க மாட்டாள்.

2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மீது மலை சரிந்தது. முதல் நாட்களில் புதையுண்டோர் தொகை நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. அங்கே நஞ்சுக் குப்பி இல்லை, கைரேகை இல்லை, சந்தேகத்துக்குரிய ஏழெட்டுப் பேரை அழைத்து உட்கார்த்த ஒரு வரவேற்பறையும் இல்லை. எச்சரிக்கைக் கடிதம் இருந்தது, வேறிடத்தில் வீடு இருக்கவில்லை. மிஸ் மார்ப்பிள் கொஸ்லந்தைக்கு இரயிலேறி வந்திருந்தால் யாரைச் சுட்டியிருப்பாள்? மழையையா? இயற்கை அனர்த்தம் என்ற சொல்லோடு அவள் திரும்பிப் போயிருப்பாளா?

வரலாற்றுத் துப்பறியும் நாவல் இதில் ஓரடி முன்னே நிற்கிறது என்பது எம் கருத்து. ஜோசபின் டே 1951இல் எழுதிய ‘த டோட்டர் ஒஃப் டைம்’ நாவலில், காலொடிந்து மருத்துவமனைக் கட்டிலிற் கிடக்கும் பொலிஸ் அதிகாரி, 1485இல் மாண்ட மூன்றாம் ரிச்சர்ட் மன்னன் மீதுள்ள கொலைப்பழியை மீண்டும் விசாரிக்கிறார். ஊரார் அனைவரும் உண்மையென்று நம்பும் வரலாறு, வென்றவன் எழுதிய வாக்குமூலமாகவும் இருக்கலாம் என்பதே அந்நூலின் உயிர். ஆயினும் பாருங்கள், 466 ஆண்டுகளுக்குப் பின்னும் வழக்காட வாய்ப்புப் பெற்றவன் ஓர் அரசன். அவனுக்கு ஏடுகள் இருந்தன, ஓவியம் இருந்தது. கொழுந்துக் கூடையோடு இறந்தவளுக்குச் செக்ரோலில் ஓர் இலக்கம் இருந்தது.

அவ்வாண்டு விடுமுறைக்கு மாணவரிடம் ஒரு வேலை கொடுத்தோம். குடும்பத்தில் யாரும் சரியாகக் காரணம் சொல்லாத பழைய மரணமொன்றை விசாரித்து எழுதி வரவேண்டும். சிலர் எழுதவில்லை; நாம் வற்புறுத்தவுமில்லை. கிளாடிஸைப் பற்றிக் கேட்ட மாணவி இரண்டு பக்கம் எழுதி வந்தாள். அவளுடைய பாட்டியின் அக்காள், 1960களில் ஒரு தோட்டத்தில், பகல் நிறுவைக்குக் கூடையோடு இறங்கும்போது கானில் விழுந்து இறந்தவள். வழுக்கியது என்றார்கள். காய்ச்சலோடு பிரட்டுக்கு வந்தவளைக் கங்காணி திருப்பி அனுப்பவில்லை என்றும் சொன்னார்கள். பாட்டிக்கு அக்காளின் முகம் நினைவில்லை. செக்ரோல் இலக்கம் நினைவிருக்கிறது. கடைசியாகப் பாட்டி சொன்னதை மாணவி மாற்றாமல் அப்படியே எழுதியிருந்தாள்: “செத்த அன்னிக்கு அக்காவுக்கு அரைப்பேருதான் போட்டாங்க.”