பசியற்ற பூனையும் ஊட்டும் அறமும்

பசித்த உயிருக்கு உணவளிப்பது அறம் என்பதில் சமயங்களுக்குள் பிணக்கு இல்லை. பசி தீர்த்தலையே ஜீவகாருண்யத்தின் அடிப்படையாகக் கொண்ட வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். உயிர்களைக் கட்டிவைப்பது, அடிப்பது போலவே உணவும் நீரும் தராமலிருப்பதும் கொல்லாமை விரதத்துக்கு இழுக்கு என்கிறது சமணரின் தத்துவார்த்த சூத்திரம். பூனையை அடைத்துவைத்து, தானும் உணவிடாமல், பூச்சி புழுக்களைப் பிடித்துத் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்ததாக நபிமொழி சொல்கிறது. உணவு எதிரில் இருந்தும் உண்ணாத பூனையின் முன் இந்த அறம் எதைக் கோருகிறது?

மனிதர் அறிந்தே உணவைத் துறப்பதுண்டு. பழந்தமிழரின் வடக்கிருத்தலும் சமணரின் சல்லேகனையும் அப்படி உண்ணாமல் உயிர்விடும் நோன்புகள். பூனைக்கு அத்தகைய நோன்பு கிடையாது. கிண்ணத்தருகே வந்து, முகர்ந்து, உதட்டை நக்கியபடி தலையைத் திருப்பிக்கொள்ளும் பூனைக்குக் குமட்டல் இருக்கலாம். ஈறுப்புண், மூக்கடைப்பு, சிறுநீரகக் கோளாறு, இடமாற்றத்தின் அச்சம் என வேறு காரணமும் இருக்கலாம். பட்டினி சில நாள் நீண்டாலே, பருத்த பூனைக்குக் குறிப்பாக, உடற்கொழுப்பு கல்லீரலில் படிந்து உயிரைப் பறிக்கக்கூடும். ஆகவே ‘அதன் விருப்பம்’ என்று விட்டுவிடுவது கைவிடுதலாகும். ஒரு நாள் முழுக்க உண்ணாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

வாயைப் பிளந்து திணிப்பதும் கருணை ஆகாது. உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். அந்த உணவின் வாடையையே பூனை பிறகு வெறுக்கலாம். பூனை மணத்தால் உண்ணும் உயிர். இனிப்புச் சுவை அதன் நாவுக்குத் தெரியாது. வேகவைத்த மீனை முள் நீக்கி, உடற்சூட்டின் அளவுக்கு வெதுவெதுப்பாக்கி, சந்தடியில்லாத மூலையில் தட்டையான தட்டில் சிறிதளவு வைத்தால் மணம் எழும். தட்டு, பூனை கழிவு கழிக்கும் மணல்தொட்டியருகே இருக்கக்கூடாது. அப்போதும் உண்ணாவிட்டால், குமட்டலுக்கு மருந்து தருவதா, குழாய்வழி ஊட்டுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

புலால் மறுத்த வீடுகளில் சங்கடம் கூடுகிறது. பூனை இயல்பிலேயே ஊனுண்ணி. அதற்கு இன்றியமையாத டாரின் என்னும் சத்து தயிர்சாதத்தில் போதிய அளவு கிடைக்காது. தன் விரதத்தைப் பூனையின் மேல் ஏற்றுவதும் ஒருவகைத் திணிப்பே.

பசி தீர்க்கும் அறத்தின் இலக்கு துன்பம் தீர்ப்பது. சோறு அதற்கான வழி. தீராத நோயில் மருத்துவமும் பயன் தராத நிலை வந்தால், ஊட்டும் முயற்சியே துன்பமாகிவிடும். அப்போது வலியைத் தணிப்பதும், உலர்ந்த வாயை ஈரத்துணியால் நனைப்பதும், கதகதப்பான இடம் தந்து அருகில் இருப்பதுமே அந்த அறத்தின் வடிவம்.